ராஜாவின் குரலில் கரகரப்பு

1. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் புனிதரின் திருவிழா நாடகத்தின் முதல் ஒத்திகை தொடங்கியது.
2. வசனங்கள் விழாக் குழுவின் லேப்டாப்பிலிருந்து ஒலித்தன. நடிகர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். பதினான்கு வருடமாக அப்படித்தான்.
3. மூன்றாம் காட்சியில் ராஜா அரியணையில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார். ராஜா என் பெரியப்பா.
4. ஸ்பீக்கரிலிருந்து தீர்ப்பு வரவில்லை. தகரத்தின் மேல் ஜல்லி கொட்டுகிற சத்தம் வந்தது.
5. இந்த வருடம் மாற்றலாகி வந்திருந்த பங்குச் சாமியார், பக்கத்து நாற்காலியில் இருந்த குழுத் தலைவரிடம், "ராஜா என்ன சொல்றார்?" என்று கேட்டார்.
6. தலைவர் தீர்ப்பை முழுவதும் ஒப்பித்துக் காட்டினார். எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் மனப்பாடம்.
7. "அது சரி. ஸ்பீக்கர் என்ன சொல்லுது?" என்றார் சாமியார்.
8. தளபதி வேடம் போடுகிற மாமா, "அது ஒண்ணுமில்லைங்க ஃபாதர், மச்சான் வாயைத் தொறந்தா மாவு மில்லு ஓடும்" என்றார்.
9. பெரியப்பா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல கோளாறு" என்றார்.
10. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பார்த்ததற்குக் காரணம் உண்டு. நான் திருச்சியில் ஒரு அலுவலகத்தில் மென்பொருள் சோதனை செய்கிறேன். ஒரு மென்பொருளில் என்னென்ன தவறு இருக்கிறது என்று கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு எழுதித் தருவது என் வேலை. தினமும் கீரனூர் வரை ஸ்கூட்டி, அங்கிருந்து திருச்சி பஸ். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்ற சொல் எந்த வாக்கியத்தில் வந்தாலும் அதற்கு அடுத்த வாக்கியத்தில் நான் வருவேன். ஆதார் அட்டையில் போட்டோ சரியாக இல்லை என்பதற்குக்கூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்று மாலை அங்கேயே குழு கூடியது. வெளியூர்க்காரர் ஒருவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது, ராஜா பேசுவது பல வருடமாக யார் காதிலும் விழவில்லை என்று. வசனம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது காது வேலை செய்வதில்லை. பெரியப்பாவின் வாய் அசைவதைப் பார்த்தோம், உள்ளே வசனத்தை நாங்களே சொல்லிக்கொண்டோம், ஸ்பீக்கர் அதன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

குழுவில் மாமா ஒரு யோசனை சொன்னார். திருக்கோகர்ணத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருக்கிறது, ராஜா வசனத்தை மட்டும் புதிதாகப் பேசிப் பதிவு செய்துவிடலாம். கேட்பதற்கு நியாயமான யோசனை. அதில் இருந்த சிக்கலை விளக்க, எங்கள் ஊர் நாடகத்தின் இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வேடங்கள் வீட்டுக்கு உரியவை. ராஜா எங்கள் வீடு. தளபதி மாமா வீடு. சம்மனசு, அதாவது வானதூதர், மேலத்தெரு டீச்சர் வீடு. ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போனால் வேடம் அடுத்த படியில் இருக்கிற வீட்டுக்குப் போகும். ராஜாவுக்கு அடுத்த படி தளபதி.

இரண்டு, குரலும் உடம்பும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். ஒருவர் பேசி இன்னொருவர் வாயசைக்கக் கூடாது. பதிவு செய்து ஒலிக்கவிடும் முறை வந்தபோது, இது பொம்மலாட்டமாகிவிடக் கூடாது என்று பெரியவர்கள் போட்ட விதி.

பெரியப்பாவுக்கு இரண்டு வருடமாக மூச்சிளைப்பு. சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கும். ஒரு வரி பேசிவிட்டு நிறுத்தி, அடுத்த வரிக்குக் காற்றைச் சேர்த்துக்கொள்வார். ராஜாவின் தீர்ப்பு பதினெட்டு வரி. அவரால் புதிதாகப் பேசிப் பதிய முடியாது. பெரியப்பாவுக்கு இரண்டும் பெண்கள், கல்யாணமாகிப் போய்விட்டார்கள். என் அப்பா காலமாகிவிட்டார், தம்பி துபாயில் இருக்கிறான். நான் ராஜா ஆக முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. ஆக, புதுப் பதிவு என்றால் புது ராஜா. புது ராஜா என்றால் மாமா.

"கோளாறு மெசின்லன்னா சரி பண்ணிட்டு மச்சானே இருக்கட்டும்," என்றார் மாமா. "கொரல்லன்னா என்ன செய்யிறது? ஊரு முக்கியமா ஆளு முக்கியமா?"

குழுத் தலைவர் லாரி வைத்திருப்பவர். எதையும் லோடு ஏற்றுவதற்குள் முடிக்க நினைப்பார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டயம். பாப்பா பாத்துச் சொல்லட்டும். என்னம்மா, பாத்துருவியா?"

"பாத்து எழுதித் தர்றேங்க," என்றேன்.

"எழுத வேணாம். சரி பண்ணு," என்றார் பெரியப்பா.

லேப்டாப்பை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. யாருடைய தம்பிக்கோ கொடுத்து, அவன் வேறு வாங்கிக்கொண்டு இதைக் கோயிலுக்கு விட்டுவிட்டான். கீல் ஒரு பக்கம் உடைந்திருந்ததால் சுவரில் சாய்த்து வைத்துத்தான் திறக்க வேண்டும்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் முதல் வேலை, கோளாறை மறுபடி வரவைப்பது. வந்தது. எத்தனை முறை போட்டாலும் ராஜா பேசினால் கரகர. மற்றவர்கள் பேசினால் லேசான கரகர. ஸ்பீக்கரை மாற்றினேன், அதே சத்தம். வயரை மாற்றினேன். பிறகு வயரே இல்லாமல் ஹெட்போனில் கேட்டேன். ஜல்லி இப்போது தலைக்குள் கொட்டியது.

அடுத்தது பாட்டுப் போடும் மென்பொருள். அதன் ஈக்வலைசரைத் திறந்து பார்த்தேன். கீழ்ச் சத்தம், மேல் சத்தம், நடுச் சத்தம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் குமிழ்கள் இருக்கும், அவற்றுக்கு முன்னால் மொத்தத்துக்கும் ஒன்று இருக்கும். அத்தனையும் உச்சியில் நின்றன. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைப்பதற்காகத்தான் அந்தப் பலகையே இருக்கிறது என்பது அதைத் தொட்டவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. வால்யூம் இருநூறு சதவீதத்தில் இருந்தது. மென்பொருள் நூறுக்கு மேல் போனால் சிவப்பாகக் காட்டும். சிவப்பை யாரோ திருவிழாக் களை என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்து, வால்யூமை நூறில் வைத்தேன். விண்டோஸின் ஒலி அமைப்பில் 'மேம்பாடுகள்' என்ற தலைப்பில் நான்கு டிக் இருந்தன, நான்கையும் எடுத்தேன். சம்மனசு பேசினார். தெளிவு. தளபதி பேசினார். ஏறக்குறைய தெளிவு. ராஜா பேசினார். சத்தம் குறைந்திருந்தது. கரகரப்பு குறையவில்லை. முன்பு பக்கத்தில் கொட்டிய ஜல்லி இப்போது அடுத்த தெருவில் கொட்டியது.

செவ்வாய்க்கிழமை மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். வேறொரு மென்பொருளில் போட்டேன். என் லேப்டாப்பில் போட்டேன். போனில் போட்டேன். எல்லாவற்றிலும் ராஜா ஒரே மாதிரி இரைந்தார். நான்கு வழியிலும் ஒரே தவறு வராது. மென்பொருள் குற்றவாளி இல்லை, கோப்பே அப்படித்தான்.

புதன்கிழமை அந்தக் கோப்பை ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்தேன். அது சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும். சாதாரணப் பேச்சு நார்த்தாமலைப் பக்கத்துக் குன்றுகள் மாதிரி ஏறி இறங்கித் தெரியும். சம்மனசு அப்படித் தெரிந்தார். ராஜாவின் பகுதி காம்பவுண்டுச் சுவர் மாதிரி இருந்தது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே உயரம், தலை எல்லாம் சீவி விட்டது போல் தட்டை.

இதன் பொருள் எளிமையானது. ஒரு கோப்புக்குள் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. குரலை அளவுக்கு மேல் உயர்த்தினால் அது கூரையில் இடிக்கும், இடித்த பாகத்தை வெட்டிவிட்டுத்தான் கோப்பு சேமிக்கப்படும். வெட்டுப்பட்ட குரல்தான் கரகரப்பாகக் கேட்கும். வெட்டுப்பட்டது திரும்ப வராது. பிறகு எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்ட குரல் குறைந்த சத்தத்தில் கேட்கும், அவ்வளவுதான்.

அன்று மாலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் என்னாத்தா சொல்லுது?" என்றார் பெரியப்பா.

"கம்ப்யூட்டர் நல்லா இருக்கு பெரியப்பா. ஃபைல்லதான் கோளாறு."

"ஃபைலு கம்ப்யூட்டருக்குள்ளதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப கம்ப்யூட்டர் கோளாறுதான். அதைச் சொல்லிரு. முடிஞ்சு போச்சு."

"சொல்லிட்டா சத்தம் சரியாயிருமா?" என்றார் பெரியம்மா கீரையைப் பார்த்தபடி. "வீட்டுல பேசுறதே வெளங்கல. இதுல கோட்டையக் கட்டி ஆளப் போறாராம்."

"நீ சும்மா கெட."

"நான் சும்மாதான் கெடக்கேன். நீங்கதான் முப்பது வருசமா கிரீடத்தைத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க. அந்தக் கிரீடத்துக்கு நாந்தான் வருசா வருசம் ஜிகினா ஒட்டுறேன், தெரியும்ல?"

பெரியப்பா என்னிடம் திரும்பி, "வேசம் போயிரும்கிறியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தார்.

"அந்த ஃபைல் எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். முதல்ல பதிஞ்சது இருந்தா அது நல்லா இருக்கலாம்."

"இருக்கலாம்னா? இருக்கா இல்லையா?"

"சனிக்கிழமை சொல்றேன்."

முதலில் பதிவு செய்தவர் எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்த அண்ணன். இப்போது அன்னவாசலில் கடை போட்டிருக்கிறார். திருவிழாவுக்கு மட்டும் ஆம்ப்ளிஃபயரோடு வருவார். சனிக்கிழமை புதுக்கோட்டை போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறி அன்னவாசலில் இறங்கினேன். கடையில் குழாய் ஸ்பீக்கர்கள் வாயைத் தரையில் கவிழ்த்து அடுக்கியிருந்தன. அண்ணன் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸின் வயிற்றைத் திறந்து வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"ராஜா பிரச்சனையா?" என்றார் என்னைப் பார்த்ததும். "போன வருசமே வரும்னு நெனச்சேன்."

"முதல்ல பதிஞ்சது இருக்காண்ணே?"

"எல்லாம் இருக்கு. நான் எதையும் அழிக்கிறதில்ல. அழிச்சா மறுநாள் கேப்பாங்க."

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தினார். நாடகத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். ராஜாவினுடையதைத் திறந்தார். கோப்புகளின் பெயர்களை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். 'ராஜா' என்று ஒன்று. பிறகு 'ராஜா சத்தம்', 'ராஜா சத்தம் 2', 'ராஜா புதுசு', 'ராஜா பைனல்', 'ராஜா பைனல் சத்தம் கூட', 'ராஜா இதான் பைனல்', 'ராஜா இன்னும் கூட'. இப்படி மொத்தம் பன்னிரண்டு. நாடகம் நடந்த வருடங்களும் பன்னிரண்டுதான். கொரோனாவில் இரண்டு வருடம் நடக்கவில்லை.

"இது என்னண்ணே?"

"ஒவ்வொரு வருசமும் ஒத்திகை முடிஞ்சதும் ஒங்க பெரியப்பா வருவாரு. 'தம்பி, தளபதி சத்தம் எனக்கு மேல கேக்குது. ராஜாவை விட ஒருத்தன் சத்தமா பேசலாமா?' அப்படிம்பாரு. நியாயந்தான? போன வருச ஃபைலை எடுத்து ஒரு படி கூட்டி விடுவேன்."

"முதல்ல பதிஞ்சதை எடுத்துக் கூட்டலையா?"

"போன வருசத்துதான் எல்லாரும் சரின்னு சொன்னது. அதுல இருந்துதான் கூட்டணும். மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா மறுபடி மொதல்லேர்ந்து சண்டை."

பதினொரு முறை. ஒவ்வொரு முறையும் குரல் கூரையில் இடித்து, வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்டதை மறுபடி கூட்டி, மறுபடி இடித்து. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று நடந்தால் அதற்கு ஒரு கூட்டம் போடுவார்கள். இங்கே அதைத்தான் மரியாதை என்று பதினொரு வருடமாகச் செய்திருக்கிறார்கள்.

தளபதியின் ஃபோல்டரையும் திறக்கச் சொன்னேன். ஐந்து கோப்புகள். சம்மனசுக்கு நான்கு. ராஜாவின் தீர்ப்பால் வேதசாட்சியாகச் சாகிற எங்கள் புனிதருக்கு மூன்று. அவரும் இரண்டு முறை தன் சத்தத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். யார் எப்போது கூட்டச் சொன்னாலும் ராஜாவையும் அதற்கு மேல் ஒரு படி ஏற்றியாக வேண்டும். யாரும் கேட்காத வருடத்திலும் பெரியப்பா முன்னெச்சரிக்கையாக வந்து கேட்டிருக்கிறார்.

"மொதல்ல பதிஞ்சதைப் போடட்டுமா?" என்றார் அண்ணன்.

போட்டார். குன்றுகள் மாதிரி படம். ஒரு கரகரப்பும் இல்லை. பதினான்கு வருடத்துக்கு முந்திய பெரியப்பா, ஒரு எழுத்து விடாமல் தெளிவாக, "என் ஆணைக்கு மேல் இம்மண்ணில் வேறொரு ஆணை இல்லை. இவனைச் சிறையில் அடையுங்கள்" என்றார்.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும்வரை ரேஷன் கடையில் பொருள் போட்டார். அந்தக் குரலில் அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது, "இந்த மாசம் பாமாயில் வரல, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்கிற அதிகாரம். ராஜா கோபப்படவில்லை. இருப்பு நிலவரத்தைத் தெரிவித்தார்.

"இப்படித்தான் பேசுனாரா?" என்றேன்.

"இப்படித்தான் பேசுனாரு. அப்புறம் சத்தம் கூடக் கூட ராஜாவாயிட்டாரு," என்றார் அண்ணன்.

எல்லோருடைய முதல் கோப்புகளையும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு சோதனைப் பொறியாளராக எனக்குத் திருப்தி. கோளாறு எது, எப்போது வந்தது, யாரால் வந்தது, திருத்தம் எது என்று நான்கும் கையில் இருந்தன. அந்தத் திருத்தத்தை வைத்துக்கொண்டு பெரியப்பா ராஜாவாக நீடிப்பாரா என்பது மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டில் போட்டுக் காட்டினேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு இது?" என்றார்.

"நீங்கதான் பெரியப்பா."

"நானா?"

"நீங்கதான். மொதல்ல பதிஞ்சது."

பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, இதான ஒங்க கொரலு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இப்படித்தான் பேசுனீங்க. தண்ணி கேட்டாக்கூடக் கார்டு கேக்குற மாதிரிதான் இருக்கும்."

"இன்னொரு வாட்டி போடு," என்றார் பெரியப்பா. போட்டேன். "சத்தத்தைக் கூட்டு." கூட்டினேன். ரேஷன் கடை சத்தமாகக் கேட்டது. "வேணாம், கொறச்சிரு."

குறைத்ததும் காதை லேப்டாப்புக்குக் கிட்டே கொண்டுபோய்க் கடைசி வரி வரை கேட்டார். பிறகு, "மூச்சு எப்படி நிக்குது பாத்தியா?" என்றார். "எங்கயும் எளைக்கல. அம்புட்டு வரியும் ஒரே தம்முல சொல்லியிருக்கேன்."

"ஆமா பெரியப்பா."

"நாளைக்குக் கேப்பாங்க, யாரு கூட்டச் சொன்னதுன்னு."

"கேப்பாங்க."

"மைக் செட்டுக்காரன் தப்புன்னு சொல்லலாம்ல?"

"அவரு கிட்ட எல்லா ஃபைலும் இருக்கு பெரியப்பா."

"எதுக்குத்தான் எதையும் அழிக்காம வச்சிருக்கானோ," என்றார். பெரியம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். பெரியப்பாவுக்கும் கொடுத்தார், சர்க்கரை இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் குழு கூடியது. சாமியாரும் வந்திருந்தார். நான் கண்டுபிடித்ததை வரிசையாகச் சொன்னேன். பாட்டுப் போடும் மென்பொருளில் அமைப்புகள் தவறாக இருந்தன, சரிசெய்துவிட்டேன். லேப்டாப்பில் கோளாறு இல்லை. ராஜாவின் குரலிலும் இல்லை. கோப்பை வருடா வருடம் கூட்டியதுதான் காரணம்.

"யாரு கூட்டச் சொன்னது?" என்றார் குழுத் தலைவர்.

நான் நோட்டைப் பார்த்தேன். அதில் விடை இருந்தது. வாசிப்பதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார்.

"நாந்தான் சொன்னேன். ராஜா சத்தம் தளபதிக்குக் கீழ போகலாமா? போகக் கூடாதுல்ல? அதான் சொன்னேன்."

"பாருங்க," என்றார் மாமா. "மச்சானே ஒத்துக்கிட்டாரு. மெசின்லயும் கோளாறு இல்ல, ஒண்ணுலயும் இல்ல. நான் ஒரு நாளாவது கூட்டுன்னு வாயைத் தொறந்திருப்பேனா?"

"நாலு முறை மாமா," என்றேன்.

"என்னது?"

"தளபதி ஃபைலை நாலு முறை கூட்டியிருக்காங்க. கடைசியா போன வருசம். சம்மனசு மூணு முறை. புனிதர் ரெண்டு முறை."

புனிதராக நடிப்பவர் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்தார். சம்மனசு வீட்டு டீச்சர், "எங்க வீட்ல யாரும் கேக்கல, மைக்ல சரியா விழலன்னு மட்டும் சொன்னோம்" என்றார். மண்டபத்தின் பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"சரி, இப்ப என்னதான் பண்றது?" என்றார் தலைவர்.

எல்லோருடைய முதல் பதிவையும் போடலாம், ராஜாவை யாரும் மீறாமல் இருக்க ராஜாவைக் கூட்ட வேண்டியதில்லை, மற்றவர்களைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்றேன். வேதாந்தம் ஒன்றுமில்லை, கணக்குதான். ஆனால் மண்டபத்தில் இருந்தவர்கள் அதை ஒரு புதுக் கொள்கையைக் கேட்பது போலக் கேட்டார்கள். குறைப்பது என்ற வழி அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

போட்டுக் காட்டினேன். ராஜா தீர்ப்பு சொன்னார். பதினெட்டு வரியும் முடிந்தது.

மாமாதான் முதலில் பேசினார். "என்னங்க இது? சிறையில அடைக்கச் சொல்றாரா, கைரேகை வைக்கச் சொல்றாரா? ராஜா ரேஷன் கார்டு கேக்குறாரு!"

இந்த முறை மண்டபமே சிரித்தது. தலைவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பெரியம்மாவும் சிரித்ததை நான் பார்த்தேன். பெரியப்பா நின்றபடியே இருந்தார். இன்ஹேலர் இருக்கும் பையின் மேல் கையை வைத்திருந்தார், எடுக்கவில்லை.

சாமியார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மாமாவிடம், "கார்டு கேக்குற மாதிரி இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"காதுல விழுதுல்ல ஃபாதர்."

"விழுதா?"

"ஒவ்வொரு எழுத்தும் விழுதே!"

"போன வாரம் விழல. நான் கேட்டது அது ஒண்ணுதான்," என்றார் சாமியார். "மத்தது உங்க ஊர் விசயம்."

குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மணப்பாறையில் லோடு இருந்தது. கோளாறு குரலில் இருந்தால்தான் ஆளை மாற்றுவது என்று பேச்சு, குரலில் இல்லை என்று ஆகிவிட்டது, அதனால் ராஜா மாறவில்லை என்று சொல்லி நோட்டில் எழுதச் சொன்னார். மாமா, "அப்ப என் சத்தத்தைக் கொறைப்பீங்களா?" என்றார். கொஞ்சம் குறைப்போம் என்றேன். "எவ்வளவு?" என்றார். மூன்று டெசிபல் என்றேன். அது அதிகமா குறைவா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த எண்ணை ஊரில் பலரிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் நடந்த ஒத்திகைகளில் வேறொரு சிக்கல் தெரிந்தது. பெரியப்பாவின் நடிப்பு இரைச்சலுக்கு ஏற்ப வளர்ந்திருந்தது. வாளை உருவுவார், கண்ணை உருட்டுவார், அரியணையை விட்டு எழுந்து நான்கு அடி வைப்பார். இப்போது வாளை உருவிய கையோடு அவர் நிதானமாகத் தகவல் தெரிவித்தார். பார்ப்பதற்கு விபத்து மாதிரி இருந்தது. நடிப்பு என் துறை இல்லை. இரண்டாவது ஒத்திகையில் அவரே வாளை உறைக்குள் விட்டுவிட்டார். மூன்றாவதில் அரியணையை விட்டு எழவில்லை. கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது போல, முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றி, எதிரில் நிற்பவனை முழுதாக நிமிர்ந்து பார்க்காமல் சிறைக்கு அனுப்பினார்.

திருவிழா அன்று ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. லேப்டாப்புக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தீர்ப்புக் காட்சியில் முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ராஜா பேசியதை முதல் முறையாகக் கேட்கிறார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள், சத்தம் முன்பு போல் அங்கே வந்து அடிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மறுநாள் குழுத் தலைவருக்குப் போன் செய்து, இந்த வருடம் நாடகம் கிடையாதா, ஒன்றும் கேட்கவில்லையே என்று விசாரித்தார்.

வசனம் முடிந்து திரை விழுந்தபோது பெரியப்பா உள்ளே வந்து கிரீடத்தைக் கழற்றினார். "கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு பெரியப்பா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"சிரிச்சாங்கல்ல?"

"சிரிச்சாங்க."

"கேட்டாத்தான சிரிக்க முடியும்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. அடுத்த வருடமும் ராஜா பெரியப்பாதான் என்று குழு நோட்டில் எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாமா வீட்டில் எங்களோடு பேசுகிறார்கள், ஆனால் குறைவாக. எல்லோருடைய முதல் பதிவுகளும் மூன்று இடங்களில் இருக்கின்றன, யாரும் மாற்ற முடியாதபடி வைத்திருக்கிறேன். பெரியப்பா இதுவரை இரண்டு முறை வந்து, ராஜாவை ஒரே ஒரு படி மட்டும் கூட்டலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.